நான்காவது விதி

"வண்டியில ஏத்தாதீங்க! எங்கப்பாவத் தோள்லதான் தூக்கிட்டுப் போவேன்." சக்தி அமரர் ஊர்தியின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றான். பாடை சுமக்க மடித்த துண்டு அவன் தோளில் கிடந்தது. மாயவனின் பாடையைப் பிடித்திருந்த நால்வரும் சக்தியின் அக்கா தமிழ்மொழியைப் பார்த்தார்கள்.

கீழப்பழுவூர்ப் பக்கத்து அந்த ஊரில், இவர்கள் தெருச் சாவு இதுவரை பெரிய தெரு வழியாகப் போனதே இல்லை. ஓடையில் இறங்கித்தான் மயானத்துக்குப் போக வேண்டும். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அம்மா கொளஞ்சியம்மாளை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போனபோது பாடை சரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாயவன் இரண்டு தெருவையும் உட்காரவைத்து, ஊருக்கென்று விதிகள் எழுதக் கிளம்பினார்.

சிமெண்ட் ஆலையில் ஆயுசெல்லாம் மூட்டை சுமந்த மனிதருக்கு அரசியல் சாசனம் என்றால் உயிர். "கிட்டத்தட்ட மூணு வருசம் ஒக்காந்து, ஒவ்வொரு வரியாப் பேசி, திருத்தி, அப்புறந்தான் ஏத்துக்கிட்டாங்க. நாமளும் அப்படியே செய்வோம்" என்றார். பேச்சு நீண்டதில், பெரிய தெருப் பெரியவர் ஆண்டவருக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம். நான்காவது விதி மட்டும் மாசக்கணக்கில் இழுத்தது. இவர்கள் தெருச் சாவு பெரிய தெரு வழியாகப் போகலாம், ஆனால் வண்டியில்தான், தோளில் கூடாது என்று கடைசியில் முடிவானது. ஆண்டவர் காது குடைவதுபோலக் கையைத் தூக்கினார். மாயவனும் தூக்கினார்.

அன்றைக்கு வீட்டில் தமிழ்மொழி அவரோடு சண்டை போட்டாள். "எதுக்குப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"சாசனம் எழுதுனவங்களுக்கே கேட்டதெல்லாம் கெடைக்கல பாப்பா. பின்னாடி திருத்திக்க ஒரு வழி வெச்சாங்க. நானும் வெச்சிருக்கேன். தை பொறக்கட்டும், பேசித் திருத்திடுவோம்."

தை பிறக்கவில்லை. அதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த விதிப்படி போகும் முதல் சாவு அவருடையதுதான்.

முச்சந்தியில் ஆட்களோடு நின்ற ஆண்டவர் குரல் கொடுத்தார். "எழுதுனபடி போனா நாங்க வழிவுட்டு நிக்கிறோம். மீறுனா நான் பொறுப்பில்ல."

"அத்தன மூட்டை சொமந்தவர நம்ம ஒரு தடவ சொமக்கக் கூடாதா?" என்றான் சக்தி.

 தமிழ்மொழிக்கும் அதுதான் ஆசை.

"இன்னிக்கு நம்ம மீறுனா நாளைக்கு அவங்க மீறுவாங்கடா. அப்புறம் நம்ம தெருவுல எல்லாருக்கும் ஓடைதான். அப்பா கை தூக்கிட்டாரு சக்தி. ஏத்துங்க."

சக்தி உடைந்து அழுதபடி விலகினான். பாடை உள்ளே போனது.

வழக்கப்படி பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். தமிழ்மொழியும் நின்றாள். ஆண்டவரின் ஆட்கள் ஒதுங்க, வண்டி பெரிய தெருவுக்குள் மெதுவாகத் திரும்பியது. டிரைவர் கூப்பிட்டும் சக்தி ஏறவில்லை. துண்டு கிடந்த தோளை வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் அழுத்திக் கொடுத்தபடி, கூடவே நடந்து போனான்.