எண்ணெய்க்கு அடியில் இருந்த எழுத்து

எங்கள் ஏரிக்கரையில் ஒரு வீரக்கல் நிற்கிறது. மாடு திருட வந்தவர்களை எதிர்த்துச் செத்த மாரப்பனின் கல். உகாதிக்கு மறுநாள் அதற்கு முதல் தேங்காய் உடைப்பது எங்கள் வீடு. நாங்கள் அவன் வம்சம். இந்த வருஷம் என் பங்காளி பைரே கௌடன், தான்தான் மூத்த வழி என்று கிளம்பினான். கல்லில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டால் அவன் வாய் அடைபடும் என்று, மைசூரிலிருந்து கல்வெட்டு படிக்கிற வசுதாவை வரவழைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அந்த எழுத்தை எனக்குத் தெரிந்து யாருமே படித்ததில்லை. அதன்மேல் விரல்கனம் எண்ணெய்ப் பிசுக்கு. திங்கட்கிழமை தவறாமல் எண்ணெய் ஊற்றுகிற, ஊருக்கு வெளியே குடியிருக்கும் கெம்பக்காதான் வெந்நீரும் சீயக்காயும் வைத்துத் தேய்த்தாள்.

"முப்பது வருஷமா நான் ஏத்துன அழுக்கு. நானே எடுக்கணும்னு எழுதியிருக்கு."

"அதையும் இந்தம்மா படிச்சுச் சொல்லுவாங்க" என்றேன்.

வசுதா அரிசிமாவைத் தடவித் துடைத்ததும் எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஆவல் தாங்காமல், என்னவோ புரிகிறவன் மாதிரி நானும் எட்டிப் பார்த்தேன்.

"மாரப்பன்தான் கௌடரே. மாட்டை மீட்டுட்டுத்தான் செத்திருக்கார்."

"அப்புறம்?"

"கல்யாணம் ஆகாதவர். புள்ள இல்லாததால ஊரே சேந்து கல் நட்டுச்சாம்."

"நல்லாப் பாரும்மா."

"மூணு தடவ பாத்துட்டேன்."

தாத்தாவும் அப்பாவும் நானும் உடைத்த தேங்காயெல்லாம் கண்முன்னே உருண்டது. வெட்கமாக இருந்தது. பைரே கௌடனும் வம்சம் இல்லை என்பதில் துளி ஆறுதல்.

"அப்ப நாங்க யாரு?"

"அது கல்லுல இல்லயே. ஆனா கடைசியா ஒரு வரி இருக்கு. 'இக்கல்லுக்கு எண்ணெய் வார்ப்பவரே இவன் மக்கள்.'"

நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் வருஷத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தோம், அவ்வளவுதான்.

"கெம்பக்கா, எண்ணெய்க்குக் காசு யார் குடுக்கறாங்க?"

"யார் குடுப்பா? என் கொல்லையில ஆமணக்கு காய்க்குது."

உகாதிக்கு மறுநாள் பைரே கௌடன் தேங்காயோடு முந்தி நின்றான். அவனை விலக்கிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்ற கெம்பக்காவைக் கூப்பிட்டு, என் தேங்காயை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "எண்ணெய்க்கு என் கை ஆகும். தேங்காய்க்கு ஆகுமா கௌடரே?"

எங்கள் கை ஆகுமா என்று எங்கள் வீட்டில் யாரையும் யாரும் கேட்டதில்லை. கை வலித்தது, தேங்காயை இறக்காமல் நின்றேன், அவள் வாங்கும்வரை.