மாரித்தாய் விரலில் மாட்டிய மோதிரம்

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் மாரித்தாய்க்கு எதையும் நம்பி வாங்கிப் பழக்கமில்லை. தக்காளியைக்கூட அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரன் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகன் கதிரவன் போன் செய்து, "யம்மா, நிச்சயத்துக்கு எழிலுக்கு ஒரு வைர மோதிரம் போடணும். எனக்கு லீவு கிடைக்கல. நீயே போய்ப் பாத்து எடுத்துரு. அவளுக்குத் தெரியக்கூடாது" என்று சொன்னபோது, அவள் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல.

"கல்லு விழுந்துட்டா என்னலே பண்றது?"

"விழாத மாதிரி பாத்து எடும்மா. அதுக்குத்தான ஒன்னைய அனுப்புறேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி வேன் ஓட்டும் தன் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தாள். உள்ளே ஏசியில் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஊர்க்காவலன் என்ற விற்பனையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கறுப்பு வெல்வெட்டுத் தட்டில் இரண்டு மோதிரங்களை வைத்தார்.

வைரத்தைத் தங்கத்துக்குள் புதைத்துத்தான் வைப்பார்கள் என்று மாரித்தாய் நினைத்திருந்தாள். இங்கே அப்படியில்லை. பூனை நகம் மாதிரி சின்னச் சின்னத் தங்கக் கம்பிகள் நிமிர்ந்து நின்று, நுனியை மடக்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு மோதிரத்தில் நான்கு நகம், இன்னொன்றில் ஆறு.

"இம்புட்டுத்தான் பிடிமானமா?" என்றாள்.

"கல்லுக்குள்ள வெளிச்சம் போனாத்தாம்மா மினுங்கும். அதுக்குத்தான் இந்த அமைப்பு" என்றார் ஊர்க்காவலன்.

"நாலு நகத்துல ஒண்ணு ஒடைஞ்சா?"

"கல்லு அந்தப் பக்கமா நழுவப் பாக்கும்."

"ஆறுல ஒண்ணு ஒடைஞ்சா?"

"மத்த அஞ்சும் விடாது. வருசத்துக்கு ஒரு தடவ கொண்டாங்க, இறுக்கிக் குடுத்துருவோம்."

மாரித்தாய் நாலு நகத்து மோதிரத்தை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள்.

"என்னம்மா பண்றீக?"

"கல்லு ஆடுதான்னு கேக்குறேன்."

"நாங்களும் அப்படித்தான் கேப்போம். ஆனா தேங்கா ஆட்டுற மாதிரி ஆட்ட மாட்டோம்" என்றார் அவர், பொறுமை குலையாமல்.

ஆட்டம் இல்லை. அடுத்து அதைத் தன் சேலை முந்தானையில் தேய்த்து இழுத்தாள். ஒரு நகம் மெல்லிய இழையொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. மாரித்தாய் அந்த இழையைத் தூக்கிக் காட்டினாள். ஊர்க்காவலன் அந்த மோதிரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஆறு நகத்து மோதிரத்தை முந்தானையில் நாலு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒரு நூலும் வரவில்லை.

"அளவு என்னம்மா?"

பூ வைக்கப் போனபோது எழிலின் கையைப் பிடித்துக்கொண்டே பேசியதில் அதையும் மாரித்தாய் பார்த்து வைத்திருந்தாள். "அந்தப் பிள்ள மோதிர விரலு என் சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும்" என்று சொல்லி, மோதிரத்தைத் தன் சுண்டுவிரலில் போட்டாள். ஏசிக் குளிரில் சுருங்கியிருந்த விரலில் அது முட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கையை நீட்டி ஒரு நிமிஷம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கழற்றப் பார்த்தாள். வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். விரல்தான் சிவந்தது.

கடைப்பெண் கற்பகவல்லி சோப்பு நுரை கொண்டுவந்தாள். பிறகு தேங்காய் எண்ணெய். சங்கிலிமுத்து காலை ஊன்றிக்கொண்டு, பஞ்சரான டயரைக் கழற்றுகிறவர் மாதிரி இழுத்தார். நகை எடுக்க வந்த இரண்டு குடும்பங்கள் நகையை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தன.

"ஆசாரியக் கூப்பிட்டு வளையத்த வெட்டி எடுத்துட்டு, மறுபடி பத்த வச்சுத் தரலாம்மா" என்றார் ஊர்க்காவலன்.

"நிச்சயத்துக்குப் போடுற மோதிரத்த வெட்டி ஒட்டவா? நல்லாருக்கு நாயம்" என்றாள் மாரித்தாய். "பில்லப் போடுங்க."

கதிரவன் போன் வழியாகப் பணத்தைக் கட்டினான். மோதிரம் விரலிலும், அதன் காலிப் பெட்டி பையிலுமாக இருவரும் சிவகாசி பஸ் ஏறினார்கள்.

வழியெல்லாம் மாரித்தாய் இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் துண்டைத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கோழி அடகாக்குற மாதிரி இருக்கு" என்றார் சங்கிலிமுத்து.

"ஒங்களுக்கென்ன. கல்லு விழுந்தா அந்தப் பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

திங்கட்கிழமை விடிந்ததும் விரல் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதற்காக வேலை நிற்குமா. துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், குழாயடியில் நான்கு குடம் பிடித்தாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஆறு நகத்தையும் எண்ணினாள். ஆறும் இருந்தன. பயத்தோடு பயமாக, நாம் எடுத்தது சோடை போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது.

அந்தப் பெருமை கம்பெனி வாசல் வரைக்கும்தான். வெடிமருந்து புழங்குகிற இடம் என்பதால் ஊக்கு, கொலுசு, வளையல், மோதிரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பெண்கள் வரிசையில் இத்தனை வருடமும் கறாராகப் பார்த்துக்கொண்டது மாரித்தாய்தான். போர்மேன் அன்பரசன் அவள் கையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் என்ன பண்ண?"

போன மாதம் கொலுசோடு வந்ததற்காக அவளால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு புதுப்பெண் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு வெள்ளிக் கொலுசுக்கே ஒரு நாள் சம்பளம் போச்சு. அக்காவுக்கு வைரமாம்ல" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

மாரித்தாய் முறைத்துப் பார்த்தாள். ஆனால் முறைக்க நியாயம் இல்லை. "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி. நானே என்னையத் திருப்பி அனுப்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குள் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. சங்கிலிமுத்து பயந்துபோய் வேனைச் சிவகாசிக்கு விரட்டினார். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றுதான் மாரித்தாய் நினைத்திருந்தாள். நின்ற இடத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இங்கன எதுக்கு நிப்பாட்டுனீக? இது எழிலு வேலை பாக்குற ஆஸ்பத்திரியாச்சே."

"தெரிஞ்ச பிள்ள இருக்குன்னு வந்தேன்."

"தெரியக்கூடாதுங்குற பிள்ளையும் அதானய்யா."

வண்டியைத் திருப்பச் சொல்வதற்குள், வாசலில் நின்ற எழிலே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "என்னத்தே, என்னாச்சு? கையக் காட்டுங்க." துண்டு விலகியது. வெயிலில் வைரம் பளிச்சென்று மினுங்கியது.

எழில் விரலைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள், பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "யாரு வாங்கிக் குடுத்தாக?"

"ஒங்க மாமாதான்" என்றாள் மாரித்தாய், வாயில் வந்ததை.

சங்கிலிமுத்து கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் மனைவிக்கு ஒரு மூக்குத்தித் திருகாணிதான் வாங்கிக் கொடுத்திருந்தார். அதுவும் தொலைந்ததற்குப் பதிலாக. அவர் தரையைப் பார்த்து, "ஏதோ, ஆசையா இருந்துச்சு" என்றார்.

எழில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனாள். கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, ஐஸ் வைத்தாள். பிறகு வழுவழுப்பான ஒரு நூலை எடுத்து, அதன் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து வைத்துவிட்டு, மீதியை மோதிரத்தை ஒட்டியிருந்து விரல் முட்டியைத் தாண்டிச் சுற்ற ஆரம்பித்தாள்.

மாரித்தாய் வெடிக்கு நூல் சுற்றியே பாதி ஆயுளைக் கழித்தவள். வலியிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "எட எட விட்டுச் சுத்துற தாயி. இப்படிச் சுத்துனா புஸ்ஸுனு போயிரும். ஒட்டி ஒட்டிச் சுத்து. இன்னும் இறுக்கு."

"வலிக்கும் அத்தே."

"வலிச்சா வலிக்கட்டும். லூசு மட்டும் விடாத."

எழில் சொன்னபடி இறுக்கினாள். பிறகு அடியில் இருந்த முனையைப் பிடித்துச் சுற்றுப் பிரிக்க, நூல் பிரியப் பிரிய மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, முட்டியைத் தாண்டி, தட்டில் டிங்கென்று விழுந்தது. மாரித்தாய் விரலைத் தடவுவதற்கு முன்னால் மோதிரத்தை எடுத்து நகங்களை எண்ணினாள்.

"ஆறும் இருக்கு" என்றாள் நிம்மதியாக.

எழில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு. நல்ல மோதிரம். ஆனா எனக்கெல்லாம் இது சரிப்படாது."

மாரித்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏந்தாயி?"

"கல்லு இம்புட்டு ஒசரத்துல நிக்குதுல்ல. கையுறை மாட்டுனா நகம் கிழிச்சுரும். பேஷண்ட்டத் தூக்கும்போது அவுக மேல கீறிரும். போற எடமெல்லாம் இடிக்கும். இடிச்சு இடிச்சுத்தான் நகமே தளந்துபோகும்."

"அப்ப ஒனக்குன்னா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், எப்படி இருக்கணும்?"

"சும்மா பேச்சுக்குத்தான?" என்றாள் எழில். "கல்லு விரலோட ஒட்டிப் படுத்தாப்ல இருக்கணும். நகம் ஆறு இருக்கட்டும், ஆனா கட்டையா, நுனி உருண்டையா இருக்கணும். வளையம் கொஞ்சம் அகலமா. அளவுல ஒரு நூலு கூட இருந்தா நல்லது, வெயில் காலத்துல விரலு வீங்கும்ல."

மாரித்தாய் இதையெல்லாம் மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேனில் ஏறியதும் சங்கிலிமுத்துவிடம் நாலாவது தடவை சொன்னாள், மறந்தால் அவராவது சொல்லட்டும் என்று.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு விருதுநகர் போனாள். அவளைப் பார்த்ததும் ஊர்க்காவலன் அனிச்சையாக எண்ணெய்க் குப்பியைத் தேடினார். "கழண்டிருச்சு, பயப்படாதீக" என்று சொல்லி விஷயத்தைச் சொன்னாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அப்ப நகமே வேண்டாம்மா. கல்லச் சுத்தி தங்கத்துல வரப்பு மாதிரி கட்டிருவோம். அதவிடப் பத்திரம் கிடையாது" என்றார்.

மாரித்தாய் மகனுக்குப் போன் போட்டாள். "வேண்டாம்மா, வெளிச்சம் போற மாதிரி நகம் வச்சதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் கதிரவன். கட்டிக்கொள்ளப் போகிறவள் ஆறு நகம் கேட்கிறாள், வாங்கிக் கொடுக்கிறவனும் நகம் கேட்கிறான். இனி இதில் தனக்கு வேலையில்லை என்று, அதே கல்லைத் தாழ இறக்கி, கட்டை நகம் ஆறு வைத்துப் புதிதாகச் செய்யச் சொன்னாள். ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

வாங்கப் போன அன்று வழியில் மருந்துக்கடையில் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள். தன் விரலில் போட்டுப் பார்க்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. கற்பகவல்லியைக் கூப்பிட்டு மோதிரத்தைப் போடச் சொல்லி, மேலே கையுறையை மாட்டிவிட்டாள்.

"மடக்கு தாயி. விரி. இப்ப அந்த நாற்காலியத் தூக்கு."

கற்பகவல்லி, கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தாள். முதலாளி, தூக்கிவிடு, சீக்கிரம் முடியட்டும் என்பது போலத் தலையசைத்தார். நாற்காலியைத் தூக்கினாள். பிறகு ஊர்க்காவலனை நோயாளி மாதிரி உட்காரவைத்து, அவர் தோளில் கை கொடுத்து எழுப்பச் சொன்னாள் மாரித்தாய். மூன்று தடவை எழுந்து உட்கார்ந்ததில் ஊர்க்காவலனுக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது. கையுறையைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். காற்றுப் போகவில்லை.

"இது மோதிரம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கதிரவன் எழிலின் விரலில் மோதிரத்தைப் போட்டான். போட்டோக்காரர் மூன்று தடவை போடச் சொன்னார். மூன்று தடவையும் அது சுலபமாக வந்து சுலபமாகப் போனது. மாரித்தாய் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தடவையும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது எழில் அவளருகில் வந்து, குனிந்து கையை நீட்டிக் காட்டினாள். "நான் கேட்ட மாதிரியே இருக்கு அத்தே."

"நீ எங்க தாயி கேட்ட? எல்லாம் கதிரவன் எடுத்தது."

"அத்தே, ஒங்க சுண்டுவிரல்ல மாட்டிச் சாகுற அளவுல மாமா ஒங்களுக்கு ஏன் மோதிரம் வாங்கப் போறாக? அன்னைக்கு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. அதான் எனக்கு வேணும்ங்கறத எல்லாம் வரிசையாச் சொல்லிட்டேன்."

தக்காளிக் கடைக்காரன் முகத்தைப் பார்க்கிற மாதிரி மாரித்தாய் மருமகள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எழிலும் சிரித்தாள்.

"அத மாமாகிட்டச் சொல்லிராத" என்றாள் மாரித்தாய், மூச்சு வாங்கியபடி. "எனக்கு வைர மோதிரம் வாங்கிக் குடுத்ததா ஒங்க சித்தப்பாமாருகிட்ட அங்கன உக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு. பேசட்டும். வா, எலை போட்டாச்சு."