வீரபாண்டியில் விழுந்த சிக்ஸர்கள்

இப்போதெல்லாம் வானத்திலிருந்து ஏதாவது விழுந்தால் சனம் வீட்டுக்குள் ஓடுவதில்லை, வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்று சுடலைக்கு எரிச்சல். அவர் மகன் மாரிச்செல்வம் இந்திய அணிக்காக அடித்த முதல் சிக்ஸர் கொழும்பில் விழவில்லை. திருப்பூர் வீரபாண்டியில், அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். டிவியில் கூட்டம் கையை விரித்து அண்ணாந்து நின்றது. நடுவர் வேறு பந்து கேட்டார். இங்கே அவன் அக்கா நாகஜோதி கரண்டியால் பந்தைக் கோரி எடுத்து, "தம்பி அடிச்சதுப்பா. கஞ்சி போனாப் போவுது" என்றாள்.

பிறகு அவன் எந்த ஊரில் அடித்தாலும் அந்த வாசலில்தான் விழுந்தது. டர்பனில் அடித்தது பால்காரரின் சைக்கிளை நசுக்கியது. நாக்பூரில் அடித்தது ஓர் ஆட்டைக் கொன்றது. ஆட்டுக்காரி கறியைப் பங்கு போட்டு, தலையை மரியாதையாகச் சுடலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். குடியிருப்பவர்கள் காலி செய்துவிடுவார்கள் என்று சுடலை எதிர்பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் செக்‌ஷன் பெண்கள் மேட்ச் நாளில் லீவு போட்டுவிட்டு வந்து மடியை விரித்து நின்றார்கள். வீட்டுக்காரர் பொங்கியண்ணனுக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி. ஏற்றுமதிக்குப் போய்த் திரும்பிவந்த துணியை வாசலுக்கு மேலே நாலு கம்பத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டச் சொன்னார். "இனிப் பயமில்லீங்க சுடலை. பந்து வந்து கொழந்தையாட்டப் படுத்துக்கும்." அது லைக்ரா கலந்த, ரப்பர் மாதிரி இழுபடும் துணி. அடுத்த பந்து அதில் பட்டு, வந்த வேகத்தில் தெறித்து, ஜன்னல் வழியே உள்ளே போய், நாகஜோதியின் பிள்ளை படுக்கும் தொட்டில் கம்பை இரண்டாக முறித்தது. பால் கொடுக்க அப்போதுதான் பிள்ளையைத் தூக்கியிருந்தாள்.

சுடலை அன்றே போன் போட்டார். "ஏல மாரி, தரையோட அடி. மேல தூக்காத." மகன் சரிப்பா என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் சுடலையை இன்னும் நடுங்கவைத்தது.

தரையோடு அடித்தவனை அணி ஒரே வருடத்தில் கழற்றிவிட்டது. ஊருக்கு வந்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தான். போட்டதைத் தின்றான். அப்பனே அவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டான் என்று டீக்கடையில் சுடலையின் காதுபடப் பேசினார்கள். யாருக்கோ அடிபட்டு மறுபடியும் அழைப்பு வந்த நாளில், வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூ கயிற்றைக் கட்டினான். "எப்பா, ஒண்ணே ஒண்ணு தூக்கி அடிக்கட்டா?" சுடலை தொட்டிலைப் பார்த்தார். "அடி. என்ன செய்ய" என்றார்.

மெல்போர்னில் அடித்தான். சுடலை பிள்ளையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். டிவியில் பந்து ஏறிப்போய் மறைந்தது. வாசலில் எல்லாரும் அண்ணாந்தார்கள். ஒன்றும் விழவில்லை. மறுநாள் மத்தியானம் வாசல் மண்ணில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நிழல் கிடந்தது. மேலே ஒன்றையும் காணோம். வெயில் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவன் அடித்த எதுவும் கீழே வரவில்லை. மாரிச்செல்வம் பெரிய ஆட்டக்காரன் ஆனான், வாசலில் நிழல்கள் கூடின. ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டாயிரத்து ஒன்பதில் சுவரோரம் தவிர வாசல் முழுக்கக் குளுகுளுவென்று ஆகிவிட்டது. பெண்கள் அங்கே உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டினார்கள். பொங்கியண்ணனும் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"கோடைக்கு எத்தன குளுமை பாருங்க."

"அம்புட்டும் ஒருநா விழுந்தா, மொதலாளி?" என்றார் சுடலை.

"இத்தன நாளா விழுகாதது இனி எங்கீங்க விழுகப்போவுது?"

"விழாம எங்க போவும்?"

பெண்கள் சிரித்தார்கள். உள்ளே டிவியில் கூச்சல் கிளம்பியது. சுவரோர வெயிலில் நின்ற சுடலையின் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. நாகஜோதியின் மடியிலிருந்த பிள்ளைக்காகக் கை நீட்டினார். "மேட்ச் முடியங்காட்டியும் கொண்டுட்டு வந்துருங்கப்பா" என்று, கத்தரியைக் கீழே வைக்காமலே கொடுத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டு, அதன் தலையைக் கையால் மூடிக்கொண்டு, சுவரோரமாகவே ரோட்டுக்கு வந்தார். சுள்ளென்ற வெயில். குனிந்து பார்த்தார். அவருடைய நிழலும் பிள்ளையினுடையதும் மட்டும்தான் இருந்தன. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்தார்.