இரண்டு முறை கழுவப்பட்ட வலது கால்

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் பாஸ்டர் ஞானமுத்துவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன். அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை.

"பிரவின், என்னாலே குனிய முடியலே. சபைத் தலைவர் நீங்கதானே, இந்த வருஷம் கால் கழுவுற ஆராதனையை நீங்களே நடத்திடுங்க."

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சபைக்கு நான் தலைவராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை என் ஒரே சாதனை, சபை வாசலை ஒட்டி எனக்கென்று கார் நிறுத்த ஓர் இடம் வாங்கிக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் காரை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் தலைமைத்துவப் பயிற்சிக்கும் போய்வந்திருந்தேன். தலைவன் என்பவன் முதலில் வேலைக்காரன் என்று மேடையில் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். நான் பலமாகத் தலையாட்டிக்கொண்டே, தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் சீனி போதவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளைத் துவாலை ஒன்று வாங்கினேன். என் மனைவி குமுதாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தேன்.

"நான் மண்டி போடும்போது எடு. தொப்பை தெரியக்கூடாது."

"அப்போ உங்களை விட்டுட்டு தண்ணி பேசினை மட்டும் எடுக்கிறேன்" என்றாள்.

ஆண்டவர் தம் கடைசி இரவு உணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்துத்தான் பெரிய வியாழனன்று இந்த ஆராதனை. அவர் கழுவியவை தெருப்புழுதி ஏறிய கால்கள். எங்கள் சபை வழக்கம் வேறு. தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். போன வருஷம் ஒருவர் பேரங்காடிக்குப் போய்க் காசு கொடுத்தே கழுவிக்கொண்டு வந்தார். அழுக்குக் காலை நீட்டுவது மரியாதை இல்லையாம். ஆக, சுத்தமான கால்களை மறுபடி சுத்தம் செய்வதுதான் எங்கள் சடங்கு. இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

வியாழன் மாலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், மணக்கும் கால்கள், முன்வரிசையில் குமுதா. கடைசி நாற்காலியில் சின்னையா அங்கிள்.

அவர் கிள்ளான்காரர், லோரி ஓட்டுபவர். சபையின் நாற்காலி, கூடாரம், கிறிஸ்துமஸ் மேடை எதை எங்கே கொண்டுபோவதானாலும் அவருடைய லோரிதான். கால் கழுவ அவராக வரவில்லை. மனைவி இராஜம்மா ஆன்டி பெயரைக் கொடுத்துவிட்டார். எந்நாளும் சிலிப்பரில் திரிகிற மனிதர் அன்று ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தார். வலது காலை மட்டும் வெறுங்காலாக்கி நீட்டினார். கழுவித் துடைத்தேன்.

"அடுத்த கால், அங்கிள்."

"இது போதும்லா."

"ரெண்டு காலும் கழுவணும் அங்கிள்."

"ஒண்ணைக் கழுவினா ரெண்டுக்கும் சேர்த்துத்தான். ஆண்டவர் என்ன எண்ணிக்கிட்டா இருக்காரு?"

பாடகர் குழு பாட்டு தீர்ந்துபோய் முதல் சரணத்துக்கே திரும்பியிருந்தது. நான் புன்னகை மாறாமல் குனிந்து அவருடைய இடது ஷூவைக் கழற்றினேன். தைல வாசனை தூக்கியடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை. சாக்ஸின் நுனி ஈரமாக, மஞ்சளாக இருந்தது.

அவர் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"தம்பி, இராஜம்மா பின்னாலேதான் உக்காந்திருக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். லோரிக்குக் குறுக்கே விழுந்த மோட்டார் சைக்கிள்காரர்களை எல்லாம் வாயாலேயே விரட்டும் மனிதர். பயந்திருந்தார்.

பயிற்சியில் இதற்கு எதுவும் சொல்லித்தரவில்லை. துவாலையை அவருடைய இடது காலின்மேல் போட்டு மூடினேன். வலது காலை மறுபடி பேசினுக்குள் இழுத்து, இன்னொரு தரம் கழுவினேன். நிதானமாக, விரல் விரலாக. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் என் கையைப் பிடித்து, ஒரே காலை இரண்டு முறை கழுவியதில் ஆழமான பொருள் இருந்தது என்றார். இருந்தது ஐயா, இருந்தது என்று நழுவினேன்.

சின்னையா அங்கிளைப் பாஸ்டரின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். மறுபடி மண்டி போட்டேன். இந்த முறை பாட்டும் இல்லை, வீடியோவும் இல்லை, தொப்பையைப் பற்றிய நினைவும் இல்லை. சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். பெருவிரலுக்கு அடியில் குழி விழுந்து, சுற்றிலும் கறுத்திருந்தது.

"ஆணி குத்திச்சு. வலிக்கவே இல்லைப்பா. சரியாயிடும்னு விட்டுட்டேன்."

"உங்களுக்கு இனிப்புநீர் இருக்கு. ரத்தத்திலே சர்க்கரை ஏறினவங்களுக்கு வலிக்காதது நல்லதா அங்கிள்? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போகமாட்டேன். எங்கண்ணன் விரல்லே புண்ணுன்னு போனாரு. முழங்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லாம வந்தாரு. இடது கால் இல்லைன்னா நான் கிளட்ச் எதை வச்சு மிதிக்கிறது? உன் தலையை வச்சா?"

"அங்கிள்..."

"ஞாயித்துக்கிழமை விடியக்காலை சுபாங் ஜெயா திடல்லே ஆராதனை. சனிக்கிழமை அத்தனை நாற்காலியும் ஏத்தணும். ஈஸ்டர் முடியட்டும், போறேன்."

"நாற்காலியை நான் ஏத்துறேன்."

அவ்வளவு பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? ஆபீஸ் பையையே சக்கரம் வச்சு இழுத்துக்கிட்டுத் திரியறவன் நீ!"

"கேலி பண்ணுங்க. கார்லே உக்காந்து பண்ணுங்க."

கழற்றிய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். "இராஜம்மாகிட்டே யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"தலைவர் நீதானேலா?"

நான்தான் சொன்னேன். இராஜம்மா ஆன்டி அழவில்லை. உள்ளே வந்து காலைப் பார்த்தார். கைப்பையால் புருஷன் தோளில் ஒரு அடி போட்டார்.

"கொறட்டை விடுறேன், நீ தூங்க முடியாதுன்னு சொல்லிட்டு ஹால்லே போய்ப் படுத்தீங்களே, இதுக்குத்தானா? நான்கூட, இந்த வயசுலே என் மேலே இவ்வளவு அக்கறையான்னு நெனச்சேனே!"

பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

வாசலை ஒட்டி நின்ற என் கார் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒருவருக்குப் பயன்பட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் அப்போதே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார்கள். சீழ் எலும்புவரை போயிருந்தால் வெட்ட வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்றுகூடச் சொல்ல முடியாது, சனிக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவு என்றார் டாக்டர்.

சனிக்கிழமை நான் நாற்காலிகளோடு இருந்தேன். லோரியை ஓட்ட சின்னையா அங்கிளின் கூட்டாளி ஷாஹுல் ஹமீது வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிதானே என்று ஓர் அடுக்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அடுத்த நொடி நான் கீழே, நாற்காலிகள் மேலே.

"பாஸ்" என்றார் ஷாஹுல் ஹமீது, லோரிமேல் நின்றபடி. "நாம நாற்காலியைத் தூக்கணும். நாற்காலி நம்மளைத் தூக்கக்கூடாது."

குமுதா ஒருபக்கம் பிடித்தாள். நான் ஒருபக்கம். போனை லோரியின் விளிம்பில் வைத்திருந்தேன். ஒவ்வொரு அடுக்கு ஏற்றியதும் அதைப் பார்ப்பேன். கிளட்ச், கிளட்ச் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டச் சொல்லிவிட்டால், நல்லபடியாகப் பேசி அவரை அங்கே கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

மதியம் போன் அடித்தது. இராஜம்மா ஆன்டி.

"தம்பி..." என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் நான் மனசுக்குள் சின்னையா அங்கிளின் காலை முழங்கால்வரை எடுத்துவிட்டேன்.

"வெட்டலே தம்பி. விரலைக்கூட வெட்டலே. எலும்புக்கு ஒண்ணுமில்லையாம். மருந்து ஏத்தினா ஆறிடுமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்னு டாக்டர் ஏசுறாரு. ஏசட்டும், நல்லா ஏசட்டும்."

அதற்குள் போனைச் சின்னையா அங்கிள் பிடுங்கிவிட்டார்.

"ஏன்பா, கயிறு யார் கட்டுறது? ஷாஹுலா? அவன் கட்டினா கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க நாற்காலி போட்டுக்கிட்டே போவான்."

"அங்கிள், கால் எப்படி?"

"அது இருக்குலா, இருக்கிற எடத்திலே. நீ கயிறைப் பாரு."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்புதான் வந்தது என்று எழுத ஆசை. குமுதா பக்கத்தில் இருந்ததால் பொய் சொல்ல முடியாது.

"என்ன பாஸ்? என்ன சொன்னாங்க?" ஷாஹுல் ஹமீது லோரியிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார்.

"இருக்கு" என்றேன். "கால் இருக்கு. கயிறைச் சரியாகக் கட்டச் சொன்னாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "என் கயித்தையா குறை சொன்னான்? வரட்டும் அவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார்.