அம்சவல்லி டீச்சரின் கற்பனைஸ்வரம்

பாட்டு டீச்சர் அம்சவல்லிக்கு இந்த உலகத்தில் ஒருத்தரையும் பிடிக்காது. விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கானைத் தட்டினால் விரிசல் தெரியும், பாட்டைக் கேட்டால் ஒரு மண்ணும் தெரியாது என்பாள். இப்படிப்பட்ட ஊரில் தன்னைக் கொண்டுவந்து போட்டானே என்று கடவுள் மேலும் அவளுக்குக் கடுப்பு உண்டு. எல்லாரையும்விட இளக்காரம், இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசிக்கும் தேவநாதன் மேல்தான்.

அவர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பேச்சும் மெதுவு, நடையும் மெதுவு. இவள் ஸ்வரம் பாடினால் ஒரு நூல் பின்தங்கித்தான் வாசிப்பார். ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டதற்கு, நீங்க பாடறத கேட்டுட்டுத்தானே டீச்சர் வாசிக்கணும் என்றார். இத்தனை வருஷம் கேட்டும் மண்டையில் ஏறவில்லை என்றால் அது மண்டைதானா என்று அன்றைக்கு முழுக்கப் பொருமினாள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கற்பனைஸ்வரம். எழுதி வைத்துப் பாடுவதல்ல அது; ராகத்துக்கும் தாளத்துக்கும் அடங்கி, மேடையில் அந்த நிமிஷம் தோன்றுவதைப் பாட வேண்டும். பெண்ணாடத்திலிருந்தும் நல்லூரிலிருந்தும் பிள்ளைகளை அவளிடம் கொண்டுவந்து விடுவதே இந்தப் பெயருக்காகத்தான். ஆனால் அம்சவல்லிக்கு மேடையில் எதுவும் தோன்றாது. சிதம்பரத்தில் படித்த காலத்தில் நோட்டில் எழுதி உருப்போட்ட ஐந்து கோர்வைகள் இருந்தன. ஸ்வரத்தை முடிக்கும்போது ஒரே அடுக்கை மூன்று தடவை பாடித் தாளத்தில் வந்து விழுவார்களே, அதுதான் கோர்வை. அந்த ஐந்தையே ராகத்துக்கு ராகம் மாற்றிப் போடுவாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணை மூடி, வலது கையை உயர்த்தி, கொஞ்ச நேரம் யோசிப்பாள். பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். எல்லாம் நடிப்பு.

மாசி மாதம் பீங்கான் சங்கத்து ஆண்டு விழாவில் அவள் கச்சேரி. சங்கத்துச் செயலாளர் திலீபன் ப்யூஸ் கட்டைக்குப் பீங்கான் சுடுகிறவன். சென்னையிலிருந்து ஒரு சபாக்காரர் கேட்க வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் மார்கழியில் சென்னை மேடை என்று வந்து சொன்னான். அம்சவல்லி முப்பது வருஷமாகக் காத்திருந்த மேடை அது. கூடவே, ஏஐ வயலின் ஒன்று வாங்கியிருப்பதாகவும் சொன்னான். லேப்டாப்பும் இரண்டு ஸ்பீக்கரும்தான். பத்து நாள் கூடப் பாடினால் டீச்சரின் பாணியை அப்படியே பிடித்துக்கொள்ளுமாம், காப்பி கேட்காதாம், பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று சொல்லாதாம்.

ப்யூஸ் கட்டைக்காரனுக்குச் சங்கீதத்தில் என்ன பேச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சென்னைக்காரர் முன்னால் தேவநாதன் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் தன் மானம் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போனில் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றாள். சரிங்க டீச்சர் என்று வைத்துவிட்டார். ஏன் என்றுகூடக் கேட்கத் தெரியாத ஜென்மம்.

பத்து நாளும் காலையில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஏஐ பெட்டியோடு பாடினாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்பு எதற்கு? கண்ணை மூடவில்லை, கையைத் தூக்கவில்லை, கோர்வைகளை மடமடவென்று பாடித் தள்ளினாள். நாலாம் நாளே பெட்டி அவள் கூடவே வந்தது. பத்தாம் நாள் மயிரிழைகூடப் பிசகவில்லை. இந்தத் தகர டப்பாவுக்கு இருக்கிற மூளை அந்த ஆளுக்கு இல்லையே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

விழா அன்று சங்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சென்னைக்காரர், அவருக்குப் பின்னால் பிள்ளைகளும் தாய்மார்களும். கடைசி பெஞ்சில் தேவநாதனும் வந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிடாத கச்சேரிக்கு வருகிறாரே, வெட்கங்கெட்ட மனுஷன்.

கல்யாணியில் ஸ்வரம் களைகட்டியது. முதல் கோர்வைக்கு நேரம் வந்ததும் அம்சவல்லி கண்ணை மூடிக் கையை உயர்த்தினாள். வீட்டில் இந்த இடத்தில் அவள் நிறுத்தியதே இல்லை; இங்கே நிறுத்தியதும், தன் முறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது பெட்டி. அவள் பாட இருந்த கோர்வையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, மூன்று தடவையும் அடுக்கி, தாளத்தில் கச்சிதமாக வந்து விழுந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவள் அவசரமாக அடுத்த ஸ்வரத்தை எடுத்தாள். சரி, இரண்டாவதைப் பாடிவிடுவோம் என்றால், பழகிய கை தானாக மேலே போனது, கண் தானாக மூடியது. அதையும் பெட்டி வாசித்தது. மூன்றாவதையும் வாசித்தது.

ஆறு வருஷமாக மகளைக் கொண்டுவந்து விட்டு வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்ணாடத்து அம்மா ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "இது டீச்சர் பாடறதாச்சே? பொட்டி எப்படி முன்கூட்டியே வாசிக்குது?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அது நாலு வரிசைக்குக் கேட்டது. சிரிப்பு கிளம்பியது.

இப்படியே ஐந்து கோர்வையும் தீர்ந்தது. அம்சவல்லி மறுபடியும் கண்ணை மூடினாள். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. கற்றதெல்லாம் தீர்ந்துபோய்ப் பெட்டியும் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் முதல் கோர்வையையே பாடினாள், பெட்டியும் விசுவாசமாகக் கூட வாசித்தது. கச்சேரி முடிந்ததும் சென்னைக்காரர் மேடைப் பக்கம் வந்தார். அவளைத் தாண்டிப் போய், பெட்டியை எங்கே வாங்கினீர்கள் என்று திலீபனிடம் கேட்டார்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தேவநாதனை அவள் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும்ங்க. கூடவே வாசிச்சா மனப்பாடம்னு ஜனங்களுக்குப் புரிஞ்சிடும். அதான் ஒரு நூல் பின்னாடியே வந்தேன்."

அம்சவல்லிக்கு அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த மாதம் நல்லூரில் கச்சேரி இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றாள், உத்தரவு போடுகிற குரலில்.

"வேணாம் டீச்சர். நான் மறைக்க இனி என்ன இருக்குது?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். "போறேங்க."

இருபது வருஷமாக, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்.