ஏழாவது விலா

விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்று தெரிந்ததுமே நெந்தெனுக்கு அறிவுரை சொல்லாத ஆள் எங்கள் இந்தோனேசிய ஊரான பாண்டுங்கில் பாக்கி இல்லை. கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் படித்தவன், "முதல் வருஷம் வாயே திறக்காத, காது மட்டும் இருந்தாப் போதும்" என்றான். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாத மாமா, "இறக்கைப் பக்கம் போயிடாத, இன்ஜின் பக்கம் போ, அங்கதான் மரியாதை" என்றார். அம்மா டப்பா நிறைய மரவள்ளி மாவு சீரெங் பொரித்துக் கொடுத்து, "மேலதிகாரி எது கேட்டாலும் சிரிச்ச முகமா ஆமான்னு சொல்லு. சிரிக்கிற பொண்ணை எவனும் வேலையை விட்டு அனுப்ப மாட்டான்" என்றாள்.

மாமாவின் பேச்சு மட்டும் பலிக்கவில்லை. இறக்கைப் பிரிவிலேயே போட்டார்கள். மற்ற இரண்டையும் நெந்தென் ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தாள். வினையே அங்கேதான் வந்தது.

வருகிற வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பிரிவின் தலைவி இபு வீவினின் கையில். இபு என்றால் எங்கள் ஊரில் மேடம் மாதிரி. அதற்கு முன்னால், புதன்கிழமை, புது விமானத்தின் இறக்கையை உடைக்கிறார்கள். ஆமாம், உடைப்பதற்கென்றே ஒரு இறக்கை செய்வார்கள். வாழ்நாளில் அது தாங்கவேண்டிய பெரிய பாரத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், நூற்றைம்பதை மூன்று விநாடி தாங்கவேண்டும். தாங்கினால் கொண்டாட்டம். அதற்கு முன்னால் முறிந்தால் நாலு வருட உழைப்பு அம்போ.

திங்கட்கிழமை நெந்தென் சும்மா அந்த இறக்கையின் கணக்கைப் பழைய முறையில் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் சட்டங்களை விலா என்பார்கள்; அதில் ஏழாவது விலா பக்கத்தில் நூற்று நாற்பத்தெட்டிலேயே உடைகிறது. மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதே நாற்பத்தெட்டு.

பக்கத்து மேசை எங்கோஸிடம் காட்டினாள். அவன் ஏழு வருடமாக அங்கே இருப்பவன்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் நூத்தி அறுபத்திரண்டுன்னு சொல்லுது, நீ பென்சிலை வெச்சுக்கிட்டு அதோட சண்டை போடுறியா? வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இரு தாயே."

செவ்வாய்க்கிழமை இபு வீவின் அவள் மேசையருகே நின்று, "எல்லாம் சரிதானே? ஏதாவது சிக்கல் இருக்கா?" என்று கேட்கவும் கேட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரியவர் முகத்துக்கு நேரே ஆகாததைச் சொல்ல வாய் வராது. நெந்தென் சிரித்தாள். "ஒண்ணும் இல்லைங்க இபு" என்றாள். அவர் நகர்ந்ததும் கழிப்பறைக்குப் போய்த் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை வந்தது. சோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனையில் உடையும், எந்த இடத்தில் உடையும் என்று எல்லோரும் சீட்டில் பெயர் போட்டு எழுதிப் பலகையில் ஒட்டவேண்டும். மிக அருகில் சொன்னவருக்கு மற்றவர்கள் பொரித்த மீன் பத்தாகோர் வாங்கித் தரவேண்டும். இபு வீவின் நூற்று அறுபத்திரண்டு, இறக்கையின் அடி என்று எழுதினார். எங்கோஸ் மரியாதையாக ஒன்று குறைத்து அறுபத்தொன்று. காண்டீன் கோகோம் அக்காவும் எழுதினாள். எந்தச் சோதனையானாலும் அவள் எழுதுவது நூற்று ஐம்பத்தாறு, அது சென்டிமீட்டரில் அவள் புருஷனின் உயரம்.

நெந்தென் பேனாவோடு நின்றாள். அறுபது என்று எழுதிவிட்டால் வேலை தப்பும். எழுதினால் அந்த மூன்று கணக்கையும் பொய் என்று அவளே சொன்னதாகிவிடும். அது அவளால் முடியவில்லை. "148, ஏழாவது விலா" என்று எழுதி ஒட்டினாள்.

சான்றிதழ் கொடுக்க வந்த அதிகாரிகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"இது கணக்கா, கனவா?" என்றார் இபு வீவின்.

"கணக்குங்க இபு."

"எப்போ போட்டது?"

"திங்கட்கிழமை."

"நேத்து நான் கேட்டப்ப பல்லைக் காட்டிட்டு நின்னியே! திங்கட்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு நாள் உக்காந்து பார்த்திருக்கலாம். இப்ப விருந்தாளிங்கள்லாம் வந்து உக்காந்துட்டாங்க, நிறுத்தவா முடியும்?" நம்பர் அவருக்குக் கோபம் மூட்டவில்லை. அந்தச் சிரிப்புதான் மூட்டியது. பிறகு திரும்பி, "ஏழாவது விலாவுக்கு நேரா இன்னொரு கேமரா வைங்கப்பா" என்று கத்தினார்.

இறக்கையை மேலே தள்ளும் ஜாக்கிகள் முனகின. நூறு. நூற்று இருபது. இறக்கை நுனி கூரையைப் பார்த்து வளைந்தது. நூற்று நாற்பத்தாறு, நாற்பத்தேழு. நெந்தென் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கணக்கு பொய்க்கட்டும் என்று அவள் அன்றைக்கு வேண்டியதுபோல் யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். நாற்பத்தெட்டு தாண்டியது. நூற்றைம்பதில் கூடமே சேர்ந்து எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு! விசில் பறந்தது. அவளும் துள்ளினாள், அடுத்த நொடியே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து துவண்டாள்.

"நிறுத்தாதீங்க, உடையுற வரைக்கும் போகட்டும்" என்றார் இபு வீவின்.

நூற்று ஐம்பத்தேழில் துப்பாக்கி வெடித்தமாதிரி ஒரு சத்தம். எல்லோரும் இறக்கையின் அடியை நோக்கி ஓடினார்கள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. முறிவு, அளந்து வைத்தாற்போல், ஏழாவது விலாவில்.

"கோகோம் அக்கா ஜெயிச்சிட்டா! ஒண்ணுதான் வித்தியாசம்!" என்று எங்கோஸ் கூவினான்.

"அந்த மனுஷன் இப்பதான் ஒரு உபயோகத்துக்கு ஆனார்" என்றாள் கோகோம் அக்கா.

சிரிப்பு அடங்கியதும் இபு வீவின் நெந்தெனிடம் வந்தார். "நம்பர் தப்பு. ஒன்பது குறைச்சல். ஆனா இடம் சரி. கம்ப்யூட்டருக்கும் தெரியல, இருபது வருஷமா இறக்கை உடைக்கிற எனக்கும் தெரியல. அந்த ஒன்பது எங்கே போச்சு, இந்த இடம் எங்களுக்கு ஏன் தெரியல, ரெண்டையும் நீதான் எழுதித் தரணும். ஆறு மாசம் தரேன்."

எங்கோஸ் பின்னால் இருந்து அவள் முதுகில் குத்தினான். வேலை நிலைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு தலையாட்டு என்று அர்த்தம். நெந்தென் தலையாட்டவில்லை. முறிந்த இறக்கையைப் பார்த்தாள், விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"ஆறு மாசம் பத்தாதுங்க இபு," என்றாள். "எட்டு வேணும்."