ஆளில்லாத குளத்தின் படம்

"நீ அழிக்கிற ஆளுங்கல்லாம் எங்கம்மா போவாங்க?"

ஆஷ்லினுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். கிளாரா அப்போது ஒரு கடற்கரைப் படத்திலிருந்து சுண்டல் விற்பவரை நீக்கிக்கொண்டிருந்தாள். "அவங்கவங்க வூட்டுக்குப் போய்டுவாங்க" என்று சிரித்தபடி சொன்னாள். குழந்தை நம்பிவிட்டது. கிளாராவும் அதை மறந்துவிட்டாள்.

அழிப்பதுதான் அவள் வேலை. திண்டிவனத்தில் மணிமாறன் நடத்தும் சுற்றுலா அலுவலகத்தில், விளம்பரத்துக்கு வரும் படங்களிலிருந்து குப்பை, மின்கம்பி, மனிதர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் யாருமே இல்லாத இடமாகத்தான் கேட்பார்கள். நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாலும், தாங்கள்தான் அங்கே முதலில் கால் வைக்கிறோம் என்று நினைத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஆவணியில் மணிமாறன் ஒரு புது இடம் பிடித்தார். பெருமுக்கல் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி. மழைத்தண்ணீர் நிறைந்து நீலமாகக் கிடந்தது. 'நீலக்குளம்' என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். வண்டி ஓட்டும் லூர்து பிரகாஷ் போய்ப் படம் எடுத்து வந்தான்.

முதல் படத்தில் தண்ணீரோரம் ஒரு பெரியவர் நின்றார். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு, உள்ளங்கை தெரிய உயர்த்திய வலது கை. கிளாரா அவரை அழித்தாள். அழித்த இடத்தைச் சுற்றியுள்ளதைக் கொண்டு கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். பாறைமேல் நின்றவரை அழித்தால் பாறைதானே வர வேண்டும்? தண்ணீர் வந்தது. அதுவும் நீலமாக இல்லை, கறுப்பாக. அவள் கையாலேயே திருத்தி நீலமாக்கினாள்.

அடுத்த வாரப் படத்திலும் அவர் இருந்தார்.

"யாருடா இந்தப் பெரியவரு? உன்னைவிட அதிகமா போஸ் குடுக்கிறாரு" என்றாள் பிரகாஷிடம்.

"எந்தப் பெரியவரு? அங்க ஒரு ஆடுகூட இல்லக்கா. நானும் கேமராவுந்தான்."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிப்ஸ் மென்றுகொண்டிருந்தவனின் வாய் நின்றது.

"அக்கா, ரெண்டு வாட்டியும் வேற வேற பக்கத்துலேர்ந்து எடுத்தேன். இவரு ரெண்டுலயும் நேரா என்னையே பாத்துக்கினு இருக்காரே!"

மணிமாறன் எட்டிப் பார்த்தார். "ஆடு மேய்க்கிறவரா இருப்பாரு. நமக்கு டாட்டா காட்றாரு. ஜல்தி அழிச்சிடும்மா. ஞாயித்துக்கெழம நாப்பது பேரு வர்றாங்க. ஆபீஸ் புள்ளைங்க எல்லாருக்கும் சும்மாவே கூட்டிக்கினு போறோம், தெரியுமில்ல?"

தெரியும். ஆஷ்லின் நான்கு நாளாக ரோஸ் நிற நீச்சல் டயரைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

கிளாராவுக்கு அழிக்கக் கை வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது போய் வருகிறேன் என்று காட்டும் கை இல்லை. சாலையின் குறுக்கே ஓடும் குழந்தையை நிறுத்த நாம் நீட்டும் கை.

சனிக்கிழமை காலை பிரகாஷின் பைக்கில் அங்கே போனாள். வெயில் நன்றாக ஏறியிருந்தும் குவாரிக்குள் குளிர்ந்தது. பிரகாஷ் பேசினால் எதிர்ப்பாறையிலிருந்து அவன் குரல் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. கரையோரம் முழங்கால் ஆழம்தான் இருக்கும்போலத் தெளிந்து தெரிந்தது. பெரியவர் நின்ற இடத்தைத் தேடினாள். அங்கே பாறையே இல்லை. கரையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வெறும் தண்ணீர்.

பிரகாஷ் செருப்பைக் கழற்றினான்.

"எறங்காத தம்பீ!"

பக்கத்து நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் களைக்கொத்தோடு ஓடி வந்தார். பெயர் வீரம்மாள்.

"ரெண்டு எட்டு வெச்சா கல்லு முடிஞ்சிடும். அப்புறம் கிணறு மாதிரி நேரா பள்ளம். எங்கூட்டுக்காரரு பதினஞ்சு வருசமா தலையில துண்டோட இங்கியே நின்னு, கைய நீட்டி வர்ற பசங்கள வெரட்டிக்கினு இருந்தாரு. யாரும் நிக்கச் சொல்லல. பைத்தியம்னு சிரிப்பானுங்க. சிரிச்சிக்கினே உசுரோட ஊடு போய்ச் சேருவானுங்க."

"இப்ப எங்கம்மா அவரு?" என்றாள் கிளாரா.

"சித்திரையில காய்ச்சல்ல பூட்டாருமா. பேரு சுப்பராயலு. ஒரு போட்டோகூட இல்ல. ஆதார் கார்டுல இருக்காரு, கோழி திருடி மாட்டிக்கினவன் மாதிரி. அதையா மாட்டி மாலை போட முடியும்?"

வீரம்மாள் சிரித்தார். கிளாராவால் சிரிக்க முடியவில்லை. பிரகாஷ் வண்டியிலிருந்த கயிற்றில் கல்லைக் கட்டி, அந்த இரண்டு முழத்துக்கு அப்பால் இறக்கினான். கயிறு முழுவதும் உள்ளே போயிற்று. கல் எதன்மேலும் உட்காரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் மணிமாறனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைசி நேரத்துல பேஜாரு பண்ணாதம்மா. நாப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீச்சல்னு சொல்லித்தான சார் கூப்பிட்டிருக்கோம்? எம்பொண்ணு டயரோட வருவா. உங்க பொண்ணும் வருவா. இவரு சித்திரையிலயே செத்துட்டாரு சார். நம்ம படம் ஆவணியில எடுத்தது."

மணிமாறன் திரையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸ மயிலத்துக்குத் திருப்பச் சொல்லு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த விளம்பரத்த மொத்தமா எடுத்துடு. கரையில முள்கம்பி போடணும், பஞ்சாயத்துல நானே பேசறேன்."

ஞாயிறன்று மயிலம் மலையடிவாரத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் எல்லாரும், ஒருவர் குறையாமல், வீடு திரும்பினார்கள். புழுதியோடு உறங்கிய மகளின் காலை ஈரத்துணியால் கிளாரா துடைத்துவிட்டாள். உதவி செய்தவரின் முகம் நமக்குத் தெரிவதேயில்லை. ஆண்டவர் அவளுக்குக் காட்டியிருந்தார். அவளோ அதை ஒரு முறை அழித்துவிட்டிருந்தாள்.

திங்களன்று மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பிரகாஷ் இரண்டாம் முறை எடுத்த மூலப் படத்தைத் திறந்தாள். அதை யாரும் தொட்டிருக்கவில்லை. சுப்பராயலுவின் கை கீழே இறங்கியிருந்தது. துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீரின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து களைத்த முகம், ஆனால் நல்ல முகம்.

கிளாரா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். படத்தின் மூலையில் பதிந்திருந்த தேதியையும் தண்ணீரையும் வெட்டி நீக்கினாள். முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூடத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோவில் அச்சடித்துச் சட்டம் போட்டாள்.

செவ்வாய் காலை விசாரித்துக்கொண்டு வீரம்மாளின் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. வீரம்மாள் தொலைவில் கொல்லையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் படம் எப்போது எடுத்தது என்று கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இல்லை. நன்றி கேட்டு நிற்கவும் மனமில்லை. செய்தித்தாளில் சுற்றிய படத்தை ஜன்னல் கம்பிக்குள் பக்குவமாக நுழைத்து, சுவரில் சாய்த்து வைத்தாள். இறந்தவருக்கான செபத்தை உதட்டுக்குள் சொன்னாள்.

பிறகு தெருமுனைக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.